பாதாம் பிசினுக்கு வாசனை கிடையாது, ஆசிரியரே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வாசனைத் திரவியங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன், தாத்தா காலத்துக் கடை, அதனால் வாசனையைப் பற்றி யார் எது எழுதினாலும் விடாமல் படித்துவிடுவேன். இதையும் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். மூன்றாவது தரம் மகளைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று. அவள் கெமிஸ்ட்ரி படித்தவள். பாதியிலேயே சிரித்துவிட்டாள்.

படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ‘பிசின் வாசனைகள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் ஊறிப் பொங்கி நிற்கிற பாதாம் பிசின். ஜிகர்தண்டாவில் போடுவார்களே, அதேதான். சார், பாதாம் பிசினுக்கு வாசனை கிடையாது. வெயில் காலத்தில் என் கடையில் அதிகம் ஓடுகிற சரக்கே அதுதான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். முழுத் தப்பும் உங்களுடையது என்று சொல்லமாட்டேன், நம் பேச்சில் மரத்திலிருந்து ஒழுகி இறுகுகிற எதுவானாலும் பிசின்தான். ஆனால் கடை அலமாரியில் அவை வேறு வேறு தட்டு. கருவேலம் பிசின், வேப்பம் பிசின், பாதாம் பிசின் எல்லாம் ஒரு ரகம். தண்ணீரைக் கண்டால் ஊறும், நெருப்பில் போட்டால் கருகும், மணக்காது. குங்கிலியம் வேறு ரகம். தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும் அப்படியே கிடக்கும், ஸ்பிரிட்டில் கரையும், தணலில் போட்டால் உருகி மணக்கும். இரண்டுக்கும் நடுவில் சில உண்டு. பறங்கிச் சாம்பிராணியும் (இங்கிலீஷில் ஃபிராங்கின்சென்ஸ்) வெள்ளைப்போளமும் (மிர்) அப்படித்தான், தண்ணீரில் போட்டுவைத்தால் கொஞ்சம் கரைந்து பால் மாதிரி வெளுக்கும். பறங்கிச் சாம்பிராணியை ராத்திரி ஊறவைத்து விடிந்ததும் அந்தத் தண்ணீரைக் குடிப்பது ஓமன் பக்கம் வழக்கம். வாசனைக்காரர்களுக்கு வேண்டியது இந்தக் குங்கிலிய வகையறாதான், ஜிகர்தண்டா வகையறா இல்லை.

அப்புறம் அந்த ‘வாசனை ஒப்பந்தம்’. நாலு இடத்தில் வருகிறது. யாரோ இரண்டு கம்பெனிக்காரர்கள் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்ட மாதிரி. அக்கார்டு என்கிற சொல்லை அப்படியே அகராதியில் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது மகள் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. இரண்டு மூன்று வாசனையைச் சேர்க்கும்போது தனித்தனியாக எதுவும் தெரியாமல் புதிதாக ஒரே வாசனையாக நிற்பதற்குத்தான் அந்தப் பெயர். நம் வீட்டில் அதற்கு நல்ல சொல் இருக்கிறதே, கூட்டு. பூசணிக்காய்க் கூட்டில் பருப்பு தனி, காய் தனி, தேங்காய் தனி என்று யார் பிரித்துச் சாப்பிடுகிறார்கள்? நான் இந்தக் கடிதத்தில் கூட்டு என்றே எழுதப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் எழுத உட்கார்ந்ததே கட்டுரையின் கடைசிப் பத்திக்காகத்தான். பிசின் வாசனைகள் கனமானவையாம், புகை மணம் கொண்டவையாம், குளிர்நாட்டுக்காரர்களுக்குத்தான் ஒத்துவருமாம். வெயில் ஊர்களில் இருப்பவர்கள் எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி ‘ஃப்ரெஷ்’ வாசனை போட்டுக்கொண்டு போய்விட வேண்டுமாம். எழுதியவர் சென்னையில் ஏசி அறையில் இருந்து எழுதினாரோ என்னவோ. பிசினின் வாசனையும் பிசினை எரித்த வாசனையும் வேறு வேறு என்கிற ஒரே விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பத்தியே வந்திருக்காது.

நமக்கெல்லாம் பிசின் புகை வழியாகத்தான் அறிமுகம், அதை மறுக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் தெருவுக்கு ஒரு பாய் வருவார், கையில் தூபக்கால், இன்னொரு கையில் மயிலிறகுக் கட்டு. கடை கடையாக ஏறி, நாலு மூலைக்கும் புகை காட்டி, தலையில் மயிலிறகால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்றினால் கூந்தலுக்குச் சாம்பிராணி, எலத்தகிரி பக்கம் கோயிலில் திருநாளென்றால் தூபம், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் சாம்பிராணி. (அதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு என்று முப்பது வருஷமாகக் கேட்கிறேன், மொத்த வியாபாரிகளிடமும் பதில் இல்லை.) திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனாரை எடுத்துக்கொள்ளுங்கள், நெல் வாங்கிவரச் சொல்லி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் கொண்டுபோய் ஒரு பொதி குங்கிலியம் வாங்கியவர். அப்படி ஒரு வாடிக்கையாளர் எங்கள் தொழிலில் அவருக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவரும் அதை எரிக்கத்தான் வாங்கினார்.

எரிக்காமல் ஒரு தரம் முகர்ந்து பாருங்கள். எங்கள் கடையில் பறங்கிச் சாம்பிராணி என்போம், கேரளத்திலிருந்து வருகிறவர்கள் குந்திரிக்கம் என்று கேட்பார்கள், கடைக்குக் கடை பெயரும் சரக்கும் கொஞ்சம் இடம் மாறும், அது வேறு கதை. நல்ல சரக்காக, வெளிர் மஞ்சளாக, கண்ணீர்த்துளி மாதிரி இருக்கிற ஒன்றை எடுத்துச் சின்னக் கல்லுரலில் போட்டு ஒரே ஒரு இடி. பொடியாக்க வேண்டாம், உடைந்தால் போதும். உடைந்த பக்கத்தை உடனே மூக்கருகே கொண்டுபோனால் புகை எங்கே இருக்கிறது? எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மாதிரி ஒன்று, அதன் மேல் மிளகு நுணுக்கிய காரம், அடியில் ஈரமான மரப்பட்டை. மூக்கின் உச்சியில் சில்லென்று ஏறும். போன மாசம் கடையில் வேலை செய்கிற பையனுக்குக் கொடுத்தேன். “அண்ணா, இது விக்ஸ் மாதிரி இருக்குங்க” என்றான். அவன் மூக்கு சரிதான். அதே துண்டைத் தணலில் போட்டால் அரை நிமிஷத்தில் அந்தச் சில்லிப்பு பறந்துபோய், நமக்குத் தெரிந்த கோயில் வாசனை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இது ஏன் என்று மகள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை என் பாணியில் சொல்கிறேன். பிசினுக்குள் இரண்டு கூட்டம் குடியிருக்கிறது. ஒன்று லேசான எண்ணெய்கள், பைனீன், லிமோனீன் என்று பெயர். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான், 10 கார்பன், 16 ஹைட்ரஜன், கட்டடம் மட்டும் வேறு. பைனீன் ஊசியிலை மரத்தில் இருப்பது, லிமோனீன் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருப்பது. இன்னொரு கூட்டம் கனமான பிசின் பொருள்கள், அவை இடத்தைவிட்டு லேசில் அசையாதவை. தணலில் போட்டால் லேசானவை முதலில் ஓடிவிடும், கனமானவை கருகிப் புகையும், அந்தக் கருகலைத்தான் நாம் பிசின் வாசனை என்று மனசில் வைத்திருக்கிறோம். வாசனைத் தொழிலில் நீராவியில் வடிக்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். லேசானவை எண்ணெயாக இறங்கிவரும், கனமானவை பாத்திரத்திலேயே தங்கிவிடும். அதனால்தான் பறங்கிச் சாம்பிராணி எண்ணெய் ஒரு சொட்டு முகர்ந்தால் தூபக்கால் ஞாபகம் வருவதற்கு முன்னால் எலுமிச்சை ஞாபகம் வருகிறது.

இந்த வகையில் எனக்கு ரொம்பப் பிடித்தது எலெமி. பிலிப்பைன்ஸ் நாட்டு மரம், பட்டையைக் கீறினால் கெட்டித் தேன் பதத்தில் வெள்ளையாக வரும், நாளாக ஆக மஞ்சளாகி இறுகும். அதன் எண்ணெயில் பெரும்பங்கு அந்த லிமோனீனேதான், கூடவே மிளகுக்காரம் தருகிற இன்னொன்றும் இருக்கிறது. எலுமிச்சையோடு அது அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுதான், இரண்டு பக்கமும் ஒரே சொந்தம். இதில் நான் பெருமைப்பட்டுக்கொள்கிற விஷயம் ஒன்று, எலெமி மரத்துக்கு நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் பங்காளி உண்டு. கறுப்புக் குங்கிலியம் என்று எங்கள் கடையில் நிறுத்து விற்கிறோமே, அந்த மரமும் எலெமி மரமும் ஒரே பேரினம், கனேரியம். உங்கள் கட்டுரையாளர் வெளிநாட்டுச் சமாசாரம் என்று ஒதுக்கியது என் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் மூன்றாவது தட்டில் இருக்கிறது.

சரி, கடையை விடுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரனுக்குப் ‘பச்சைப் பிசின் வாசனை’ என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2004-ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது, மாந்தோப்பு பிரியவில்லை. எங்களுக்குப் போச்சம்பள்ளி பக்கம் கொஞ்சம் தோப்பு இருக்கிறது, பாதி பெங்களூரா, பாதி செந்தூரா, வீட்டுக்கென்று இரண்டு மல்கோவா. சீசனில் விடிகிற நேரத்துக்கே ஆள் இறங்கிவிடும். தொரட்டியில் வலை கட்டி இழுப்பார்கள், காய் வலையில் விழுந்ததும் காம்பை ஒடிப்பார்கள், அந்த நொடி பார்க்க வேண்டும் நீங்கள். ‘சுர்’ரென்று பால் பீய்ச்சும். விடியற்காலையில் மரத்தில் நீரோட்டம் நன்றாக இருக்கும், அப்போது ஒடித்தால் ஒரு முழம் தூரத்துக்குக்கூடத் தெறிக்கும். அந்த முதல் பீய்ச்சலில் இருக்கிற வாசனை இருக்கிறதே, மாம்பழ வாசனை இல்லை அது, இனிப்பு துளிகூடக் கிடையாது. பச்சை. காரம். டர்பன்டைன் பாட்டிலைத் திறந்த மாதிரி கூர்மை, ஆனால் பெயின்ட் கடை மாதிரி மூச்சை அடைக்காது, நடுவில் மாங்காயின் புளிப்பு ஒரு கோடு ஓடும். காயை அடுக்கும்போது பால் வடியட்டும் என்று காம்புப் பக்கம் கீழே பார்க்கக் கவிழ்த்து வைப்பார்கள், நூறு காய் கவிழ்ந்து கிடக்கிற இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் சட்டையெல்லாம் அந்த வாசனை.

அந்தப் பாலைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து அப்படியே விட்டுவைத்தால் இரண்டாகப் பிரியும். கீழே கலங்கின தண்ணீர், மேலே மெல்லிசாக எண்ணெய். வாசனை முழுக்க அந்த மேல் எண்ணெயில்தான், பைனீனுக்கும் லிமோனீனுக்கும் உடன்பிறந்த மைர்சீன், ஓசிமீன், கேரீன் மாதிரி சரக்குகள், ரகத்துக்கு ரகம் அளவு மாறும். தோலைப் பொத்தலாக்குவதும் அதே எண்ணெய்தான். பழத்தில் பட்டால் கறுப்புத் தழும்பு விழுந்து விலை இறங்கும், ஆள் கன்னத்தில் பட்டால் புண். எங்கள் அப்பாவுக்கு இடது புருவத்துக்குக் கீழே கடைசிவரை ஒரு தழும்பு இருந்தது, சின்ன வயதில் மாம்பால் தெறித்ததாம். குங்கிலிய வெண்ணெய் போட்டு ஆற்றினார்களாம். ஒரு பிசின் சுட்ட புண்ணுக்கு இன்னொரு பிசின் மருந்து.

கிரேக்க நாட்டில் கியோஸ் என்று ஒரு தீவு, அங்கே மஸ்திக் என்கிற பிசின் எடுக்கிறார்கள், மரத்தைச் சுற்றி வெள்ளை மண் பரப்பிவைத்து, பட்டையைக் கீறி, சொட்டிக் காய்ந்ததைப் பொறுக்குகிறார்கள். அந்த விவசாய முறையை 2014-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மஸ்திக்கை ரூமி மஸ்தகி என்று நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள், விலை கேட்டால் தலை சுற்றும். மென்றால் பச்சையாக, ஊசியிலை மாதிரி, கொஞ்சம் மாங்காய்க் காம்பு மாதிரியே இருக்கும். இருக்காதா பின்னே? மஸ்திக் மரமும் மாமரமும் ஒரே குடும்பம், முந்திரியும் அதே குடும்பம். கிரேக்கத்தில் பிசினைக் கிராம் கணக்கில் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், நாம் மாம்பாலைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறோம்.

கிளுவையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒகேனக்கல் போகிற வழியில் மேட்டாங்காட்டு வேலிகளில் இன்னமும் சில இடத்தில் பார்க்கலாம். சின்னப் பசங்களாக இருக்கும்போது மாங்கிளுவை இலையைக் கசக்கி ஒருத்தன் மூக்கில் இன்னொருத்தன் தேய்ப்போம், மாங்காய் வாசனை அப்படியே வரும். அந்தக் கிளுவை யார் தெரியுமா? கம்மிபோரா பேரினம். கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ஞானிகள் பொன், தூபம், வெள்ளைப்போளம் கொண்டுவந்து நிற்பார்களே, அந்த வெள்ளைப்போளம் வடிகிற மரமும் அதே பேரினம்தான். ஞானிகள் கொண்டுவந்தது காணிக்கை, நம் ஊரில் ஆடு தாண்டாமல் இருக்க வேலி.

நம் சமையலில் ‘பச்சை வாசனை போக வதக்கவும்’ என்பார்கள். நமக்குப் பச்சை வாசனை என்றால் குறை, இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். வாசனைத் தொழிலில் அந்தப் பச்சை வாசனைக்குத்தான் காசு. பெருங்காயத்துக்கு கல்பானம் என்று ஒரு பங்காளி உண்டு, ஈரான் பக்கத்துச் செடி, அதன் பிசின் நாறாது, பச்சைப் பட்டாணியைத் தோலோடு ஒடித்த மாதிரி, அறுத்த புல் மாதிரி மணக்கும். 1947-ல் பாரிஸில் ஜெர்மேன் செல்லியே என்கிற அம்மையார் பால்மேன் கம்பெனிக்காக வான் வெர் என்று ஒரு வாசனைத் திரவியம் செய்தார், பச்சைக் காற்று என்று பொருள், அதில் கல்பானத்தை அதுவரை யாரும் போடாத அளவுக்கு அள்ளிப் போட்டார். அந்த ஒன்றிலிருந்துதான் ‘பச்சை வாசனை’ என்று ஒரு தனி வகையே ஆரம்பித்தது என்பார்கள். பிசின் என்றால் கனம், புகை, குளிர்காலம் என்றால் அந்த அம்மா செய்தது என்ன கணக்கு?

எல்லாம் சொன்னால் போதாது, செய்து பார்த்துவிடலாம் என்று நானும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். அவள் ஆன்லைனில் சின்னச் சின்னக் குப்பியாக பெர்கமாட், எலெமி, பறங்கிச் சாம்பிராணி எண்ணெய்கள் வரவழைத்திருந்தாள். பெர்கமாட் இத்தாலியில் விளைகிற ஒரு எலுமிச்சை ஜாதிப் பழம், தோலில்தான் எண்ணெய். பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை விரல் அகலத்துக்கு நீள நீளமாக வெட்டிக்கொண்டோம் (அச்சு இல்லாத பக்கமாக, மை வாசனை கெடுக்கும்). ஒவ்வொரு அட்டையின் நுனியிலும் ஒரு சொட்டு. மூன்றையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்து மூக்குக்கு முன்னால் மெல்ல விசிற வேண்டும், தொழில்காரர்களும் இப்படித்தான் கூட்டுப் பார்ப்பார்களாம். ஒன்றை முன்னே தள்ளி, ஒன்றைப் பின்னே இழுத்து, அளவு மாற்றலாம். பெர்கமாட்டும் எலெமியும் பக்கத்தில் வந்ததுமே இரண்டும் காணாமல் போய்விட்டன, பதிலுக்கு ஒரு புது வாசனை நின்றது, உரித்த தோலின் ஈரமும் உடைத்த குச்சியின் காரமும் சேர்ந்தாற்போல். பறங்கிச் சாம்பிராணி அட்டையைச் சேர்த்ததும் அதற்கு ஒரு உயரம் வந்தது. நான் ஒன்றுமே பேசவில்லை. “என்னப்பா, தோப்பு ஞாபகமா?” என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கடைப் புத்தி கேட்குமா, நல்ல சுமத்ரா சாம்பிராணியை (பறங்கிச் சாம்பிராணி வேறு, இது பென்சாயின் என்கிற வேறு மரத்துப் பிசின்) ஸ்பிரிட்டில் கரைத்து நாலாவது அட்டையில் ஒரு சொட்டு வைத்து நீட்டினேன். போச்சு. சாம்பிராணியில் வெனிலா வாசனை இயல்பாகவே உண்டு, அந்த ஒரு சொட்டில் தோப்பு பால்கோவாக் கடையாகிவிட்டது. உங்கள் கட்டுரையாளர் சொல்கிற கனம் இதுதான், அந்த அளவில் அவர் சொன்னது உண்மை. சாம்பிராணி, லாப்டனம் (மத்தியதரைக் கடல் பக்கத்துப் புதர்ச்செடியின் பிசின்) இவையெல்லாம் இனிப்பும் கனமுமான பக்கம். எலெமி, மஸ்திக், எரிக்காத பறங்கிச் சாம்பிராணி, கல்பானம், பைன் இதெல்லாம் இந்தப் பக்கம். ஒரே பெயரில் இரண்டு பக்கத்தையும் மூட்டை கட்டியதுதான் தப்பு. அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெட்டிவேர் எண்ணெய் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம். அது சரியாக உட்கார்ந்தது, பானைத் தண்ணீர் மாதிரி அடியில் ஒரு குளிர்ச்சி கொடுத்தது, மேலே இருப்பதை அமுக்கவில்லை.

வெயிலுக்கு ஒத்துவராது என்கிறார்களே, அதற்கும் அந்த அட்டைகளே பதில் சொல்லின. சித்திரை மாசம், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, வெளியே 40 டிகிரியைத் தொடுகிற வெயில். பெர்கமாட் அட்டை மதியச் சாப்பாட்டுக்குள் வெறும் அட்டையாகிவிட்டது. எலெமி சாயங்காலம் வரை இருந்தது. பறங்கிச் சாம்பிராணி மறுநாள் காலையில் கடை திறக்கும்போதும் லேசாக இருந்தது. வெறும் எலுமிச்சை, ஆரஞ்சு வாசனையை நம் ஊர் வெயிலில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் பஸ் வருவதற்குள் அது போய்விடும், அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும், அந்தப் பிடிமானமும் அதே பச்சைக் குடும்பத்தில் இருந்தால் ஒட்டு தெரியாது. வெயில் ஊர்க்காரனுக்குத்தான் சார் இந்தப் பிசின் அதிகம் தேவை. பறங்கிச் சாம்பிராணி விளைகிற ஓமனும் சோமாலியாவும் என்ன பனி பெய்கிற ஊர்களா?

கற்பூரத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. கோட்டைக் கோயிலில் தட்டில் எரிகிற கற்பூரம் கற்பூர மரத்திலிருந்து வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். இன்றைக்குக் கடைகளில் விற்கிற பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனில் இருக்கிற பைனீனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. பைன் மரப் பிசினை வடித்தால் டர்பன்டைன், மிச்சம் நிற்பது ரோசின், அந்த ரோசினை மட்டமான சாம்பிராணியில் கலப்பது எங்கள் வியாபாரத்தில் பழைய கதை. ஆக எரிகிற கற்பூரமும் பிசினின் பேரப்பிள்ளைதான். அதன் வாசனையைக் கனம் என்று யாராவது சொல்வார்களா?

இதைப் படித்துவிட்டு யாராவது மாம்பாலைச் செண்ட் என்று கழுத்தில் தடவிக்கொண்டு, புண்ணானபின் என் கடைக்கு வந்து சண்டை போட வேண்டாம். பெர்கமாட், நாட்டு எலுமிச்சைத் தோல் எண்ணெய்களும் அப்படித்தான், பிழிந்தெடுத்த எண்ணெயை நேராகத் தோலில் தடவி வெயிலில் போனால் தோல் கறுத்துக் கொப்பளிக்கும். நான் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைக்கப் போய் மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அட்டையில் முகருங்கள், அது போதும். குப்பிகளை இறுக மூடி வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், இந்த லேசான எண்ணெய்கள் காற்றுப் பட்டால் கெட்டு வாசனையும் மாறும், தோலையும் அதிகமாக உறுத்தும்.

மாங்கூழ் ஆலைகளில் சீசன் முழுக்கத் தோலும் கொட்டையும் குவிந்து புளித்துக் கிடக்கிறதே, அந்தத் தோலில் இருக்கிற வாசனை எண்ணெயை எடுத்தால் என்ன என்று மகள் கேட்கிறாள். கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் நான் வாயைத் திறக்கமாட்டேன், வியாபாரி. வருஷா வருஷம் இங்கே மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது, அங்கே பழத்தை அடுக்குகிற மேசையில் ஒரு மூலையில் காம்போடு பத்துக் காயும் ஒரு கண்ணாடிக் குடுவையும் வைத்தால் வருகிறவர்கள் முகர்ந்தாவது பார்ப்பார்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பாதாம் பிசின் படத்துக்குத் திருத்தம் போடுங்கள். ‘ஒப்பந்தம்’ இனி வேண்டாம். அந்தக் கட்டுரையாளருக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பக்கம் கொடுங்கள், ஆனால் எழுதுவதற்கு முன்னால் சீசனில் ஒரு நாள் எங்கள் தோப்புக்கு அனுப்பிவையுங்கள். முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடட்டும், வீட்டில் தங்கிக்கொள்ளலாம், விடிய நாலரைக்கு எழுப்பிவிடுவேன். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள், மாம்பால் கறை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்கார வாசகர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.